பூங்கா வாசலில் ஒரு செலவுக் கணக்கு

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்ட மறுநாள். எங்கள் தெருமுனையில், புங்க மரத்தடியில் தள்ளுவண்டியை நிறுத்தி, கரிப் பெட்டியால் துணி தேய்த்துத் தரும் பெண்மணி, நான் கொண்டுபோன சட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "பசங்க ரெண்டும் வீட்டுலயே அடைஞ்சு கிடக்குதுங்க சார். எங்கயாவது கூட்டிட்டுப் போன்னு நச்சரிக்குதுங்க. மாலுக்குப் போனா ஆயிரம் ரூபா காணாமப் போயிடுது. காசு ஆகாம எங்க போறது?"

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இது மிக எளிய கேள்வியாகப் பட்டது. "பூங்காவுக்குப் போங்களேன் அம்மா. மாநகராட்சிப் பூங்காவில் நுழைவுக் கட்டணமே கிடையாதே" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கேட்டுலதான் சார் காசு வாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் துணியின் மீது வைத்தார்.

நான் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்ன பாடத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். 1947-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, தன் பூங்காக்களின் பொருளாதார மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று பொருளியல் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டது. ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற அறிஞர் ஒரு கடிதம் மூலம் பதில் அனுப்பினார். வாசலில் வாங்கும் கட்டணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒருவர் எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வளவு செலவழித்து வந்து சேர்கிறார் என்பதுதான் அவர் தரும் உண்மையான விலை என்பது அக்கடிதத்தின் சாரம். பின்னர் மேரியன் கிளாசன் போன்றோர் இதை வளர்த்தெடுத்தனர். 'பயணச் செலவு முறை' என்ற பெயரில் இன்றும் அது பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால், ஹோட்டலிங்கின் கணக்கில் இடம்பெறாத ஒரு செலவு நம் ஊரில் உண்டு. அது வெயில்.

நான் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு மே மாதம், விடுமுறைக்கு வந்திருந்த மகளையும், ஏழு வயதுப் பேத்தியையும், நான்கு வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஒரு பூங்காவுக்குச் சென்றோம். மாலை நான்கு மணி. 'வெயில் தாழ்ந்துவிட்டது' என்று தீர்மானித்தவன் நான்தான். கருங்கல் இருக்கைகள் தோசைக்கல்லைப் போலச் சுட்டன. சறுக்கு மரத்தின் உலோகத் தகடு பேரனின் தொடையைச் சிவக்க வைத்துவிட்டது. குடிநீர்க் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

அன்றிரவு செலவுக் கணக்கு எழுதினேன். அது என் நெடுநாள் வழக்கம். போக ஆட்டோ 180 ரூபாய், திரும்ப 220. தண்ணீர் பாட்டில் நான்கு, 80. ஐவருக்கும் ஐஸ்கிரீம் 200. இளநீர் மூன்று, 180. சுண்டல் 60. அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த வாங்கிய பலூனும் தொப்பியும் 120. ஆக, 1,040 ரூபாய். நுழைவுக் கட்டணம் இல்லாத ஒரு பூங்காவில் அரை மணி நேரம் இருந்ததற்கான விலை இது. இந்தப் பட்டியலில் ஏறத்தாழ ஒவ்வொரு வரியையும் எழுத வைத்தது வெயில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வெயில் இல்லையென்றால் பேருந்தில் போயிருப்போம். தண்ணீரும் இளநீரும் தேவைப்பட்டிருக்காது. தொப்பியும் வாங்கியிருக்க மாட்டோம்.

இரு வாரங்கள் கழித்து மீண்டும் சென்றோம். இம்முறை நேரத்தைத் தீர்மானித்தவர் என் மனைவி. விடியற்காலையில் முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்து, ஆறு மணிக்கு லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்காவில் இருந்தோம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனவே மனைவி, மகள், பேத்தி மூவருக்கும் பயணச்சீட்டுக் காசு தேவைப்படவில்லை. ஐந்து வயது நிறையாத பேரனுக்கும் கட்டணமில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் பத்து இலவசப் பயண டோக்கன்கள் தருகிறது. அவற்றில் இரண்டு எனக்குச் செலவாயின. இலையில் மடித்த மிளகாய்ப்பொடி இட்லி, ஒரு தூக்கு நீர்மோர், நான்கு பாட்டில் தண்ணீர், விரிக்க ஒரு பழைய போர்வை. இரண்டரை மணி நேரம் இருந்தோம். திரும்பும் வழியில் குழந்தைகளுக்குப் பாலும் எங்களுக்குக் காபியும் வாங்கியதில் 90 ரூபாய், வாழைப்பழம் 40. மொத்தம் 130.

இதைப் படிக்கும் பொருளாதார மாணவர் எவரேனும் 'இட்லிக்குக் கணக்கு எங்கே?' என்று கேட்டால் அவருக்கு முழு மதிப்பெண் தருவேன். அரிசியும் உளுந்தும் ஒருபுறம் இருக்க, என் மனைவி அன்று நான்கு மணிக்கு எழுந்தார். குடும்பத்தின் சிக்கனம் பல வேளைகளில் ஒரு பெண்ணின் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அடுத்த முறை மிளகாய்ப்பொடி தடவும் வேலையும், பாத்திரங்களைக் கட்டும் வேலையும் என்னுடையவை ஆயின. புளியோதரையானால் முந்தைய இரவே முடித்துவிடலாம் என்பதையும் கற்றுக்கொண்டேன். தயிர்சாதத்தைக் கோடையில் நெடுநேரம் வைத்திருப்பது உசிதமல்ல.

இனி, வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது அவசியம். செய்தியில் '38 டிகிரி' என்று சொல்கிறார்களே, அது நிழலின் வெப்பம். நேரடி வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெண்மரப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவு அது. திறந்தவெளியில் நிற்கும் குழந்தையின் மீது அதற்கும் மேலாகச் சூரியக் கதிர் நேராகப் படுகிறது. தரையும் சுவரும் தாங்கள் உறிஞ்சி வைத்த வெப்பத்தைத் திருப்பி வீசுகின்றன. தரைக்கு அருகில் காற்று இன்னும் சூடு. உயரம் குறைந்த குழந்தைகள் அந்தச் சூட்டில்தான் நடக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தாங்கும் வெயில் அவர்களுக்குத் தாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் நான்கு மணிக்குப் போனதில் செய்த பிழை இங்கேதான் இருக்கிறது. கான்கிரீட்டும் கருங்கல்லும் நண்பகலில் வாங்கிய சூட்டை மாலையில்தான் கக்குகின்றன. விடியற்காலையில் அவை ஓர் இரவு முழுக்க ஆறியிருக்கும். சென்னையில் காலை நேரத்தில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் காயாது. ஆனாலும் தலைக்கு மேல் வெயில் இல்லை என்பது பெரிய ஆறுதல். மே மாத நடுவில் இங்கு சூரியன் ஏறத்தாழ 5.45 மணிக்கு எழுகிறது. ஆறு மணி முதல் எட்டரை வரை நமக்குரிய நேரம். மாலையில்தான் போக முடியும் என்பவர்கள் ஐந்தரை மணிக்குப் பிறகு கிளம்பலாம். கடற்காற்று நண்பகலை ஒட்டி உள்ளே வந்துவிட்ட நாள்களில் மாலை இதமாக இருக்கும். அது தாமதமாகும் நாள்களில் நகரம் தகிக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை இந்நகரில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலையில் செய்தி கேட்கும்போது மேல்காற்று வலுத்திருக்கிறது என்று சொன்னால், அன்றைய மாலைப் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

நிழலிலும் தரம் உண்டு. தகரக் கொட்டகையின் நிழலும் புங்க மரத்தின் நிழலும் ஒன்றல்ல. தகரம் தானே சூடேறிக் கீழே உள்ளவர்களை வாட்டும். மரமோ வேர் வழியாக எடுத்த நீரை இலை வழியாக ஆவியாக்கித் தன்னையும் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கிறது. புங்கன், வேம்பு, அரசு, ஆல், தூங்குமூஞ்சி ஆகிய மரங்களின் கீழ் இடம் பிடியுங்கள். அழகுக்காக வரிசையாக நட்ட பாக்கு இனப் பனைகள் படம் எடுக்க உதவும், நிழலுக்கு உதவா. அண்மைக்காலமாகக் குழந்தைகள் விளையாடும் இடங்களில் பதிக்கப்படும் வண்ண ரப்பர் தளமும், செயற்கைப் புல்லும் விழுந்தால் அடிபடாது என்ற நோக்கில் நல்லவையே. ஆனால், மேலே நிழல் இல்லையென்றால் வெறும் காலை வைக்க முடியாத அளவுக்கு அவை சூடேறுகின்றன. குழந்தையை விடுமுன் உங்கள் புறங்கையைச் சில விநாடிகள் தளத்தின் மீது வைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தாங்கவில்லையென்றால் குழந்தைக்கும் தாங்காது.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒரு முறை குழந்தைகளுக்கு ஓரிரு மிடறு நீர் கொடுக்க வேண்டும் என்பதை எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். சொல்லப்படாத ஒன்று உண்டு. பூங்காவில் கழிப்பறை பூட்டியிருந்தாலோ, நுழைய முடியாத நிலையில் இருந்தாலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். என் மகளும் மனைவியும் முதல் பயணத்தில் அதைத்தான் செய்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோடையில் அது அசௌகரியம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. குடும்பத்தோடு செல்லும் பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது முதலில் விசாரிப்பது ஊஞ்சலைப் பற்றியல்ல, கழிப்பறையைப் பற்றித்தான். யாருக்கேனும் தலைசுற்றலும் குமட்டலும் வந்தால் உடனே நிழலுக்கு அழைத்துச் சென்று, உடலை நனைத்து, விசிறி, நீர் கொடுங்கள். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அந்நிலையில் இருப்பவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது.

எந்தப் பூங்கா என்பது அடுத்த கேள்வி. பொதுவாக வீட்டிலிருந்து நடந்தோ, ஒரே பேருந்திலோ சென்று சேரக்கூடிய பழைய பூங்காதான் மலிவானது. பழையது என்றால் மரங்களுக்கும் வயதிருக்கும். லஸ், தியாகராய நகர்ப் பனகல் பூங்கா ஆகியவை அப்படிப்பட்டவை. அண்ணா நகர்க் கோபுரப் பூங்கா 1968-இல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சியை ஒட்டி உருவானது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த அதன் கோபுரம் 2023-இல் மீண்டும் திறக்கப்பட்டதில் என் போன்றவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கட்டணம் உண்டு. ஆனால், தேசியப் பூங்காவை ஒட்டிய இயற்கைக் காட்டு நிழல் அங்கே கிடைக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரப்புள்ளது. நடந்து தீராது. அதை மே மாதப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, தை, மாசி மாதங்களில் ஒரு சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். கிண்டி, வண்டலூர் இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்து, குழந்தைகளோடு பூட்டிய வாசலில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவையும் தொகுத்து, அடுத்த முறை துணி கொடுக்கப் போனபோது அந்தப் பெண்மணியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "காலைல ஆறு மணிக்கு நான் வண்டி போடணும் சார். சாயங்காலம் எட்டு மணி வரைக்கும் வேலை. மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து மூணு மணி வரைக்கும்தான் எனக்கு ஓய்வு. வீட்டுக்குள்ள உட்கார முடியல, மேல சிமெண்ட் ஷீட்டு. அந்த நேரத்துக்கு எங்க போறது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஏனெனில், என் அறிவுரை முழுவதும் காற்றோட்டமுள்ள வீடும், நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் உள்ள குடும்பத்துக்கானது. ஓய்வூதியக்காரனுக்கு விடியற்காலை இலவசம். அவருக்கு அது ஒரு நாள் கூலியில் ஒரு பகுதி. அவர் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி ஒரு பூங்கா இருக்கிறது. உள்ளே இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். ஆனால், முற்பகலில் பூட்டினால் மாலையில்தான் திறப்பார்கள். காவலரிடம் காரணம் கேட்டேன். "இந்த வெயில்ல யாரு சார் வரப்போறாங்க?" என்றார்.

நண்பகலில் மரத்தடி குளிர்சாதன அறையாகிவிடாது. அங்கும் 37, 38 டிகிரி இருக்கக்கூடும். ஒப்பிட வேண்டியது எதனோடு என்பதுதான் கேள்வி. சிமெண்ட் தகட்டுக் கூரைக்குக் கீழ், சன்னல் இல்லாத ஓரறையோடு ஒப்பிட்டால், காற்று வீசும் மர நிழல் உடலுக்கு எவ்வளவோ மேல். நகரில் அந்த நேரத்தில் இலவசமாக உட்காரக்கூடிய வேறு இடங்கள் எவை? கோயில்கள் பெரும்பாலும் நடை சாத்தியிருக்கும். மாலில் உட்காரலாம், பிள்ளைகளோடு சென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது.

வெப்பம் உயிரைப் பறிக்கும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2010 மே மாத வெப்ப அலையின்போது ஆமதாபாதில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன் பின்னரே 2013-இல் அந்நகரம் தெற்காசியாவிலேயே முதன்முதலாக வெப்பத் தணிப்புச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழ்நாடு அரசும் 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. பேரிடர் என்று அறிவித்த பிறகு, அந்தப் பேரிடர் உச்சத்தில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் நிழலைப் பூட்டி வைப்பது என்ன தர்க்கம் என்று எனக்குப் புரியவில்லை.

பொருளாதாரக் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் இது வீண். நிலம் வாங்கியாயிற்று, மரம் வளர்ந்தாயிற்று, சுவரும் கட்டியாயிற்று. இவையெல்லாம் செலவழித்து முடிந்த முதலீடுகள். கூடுதலாக நான்கு மணி நேரம் திறந்து வைக்க ஆகும் செலவு, ஒரு காவலரின் அரைநாள் ஊதியமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். கூட்டம் நிரம்பாத பூங்காவில் ஒருவர் அனுபவிக்கும் நிழல் இன்னொருவரின் நிழலைக் குறைப்பதில்லை. அத்தகைய பொருளுக்குப் பூட்டுப் போடுவதும், கட்டணம் வைப்பதும் சமூகத்துக்கு இழப்பு என்று முதலாண்டுப் பாடநூலே சொல்கிறது.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2024-இல் கதீட்ரல் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் பெரியவர்களுக்கு 100 ரூபாயும் குழந்தைகளுக்கு 50 ரூபாயும் என்று நிர்ணயித்தார்கள். கம்பியில் தொங்கிச் செல்லும் சாகசம், கண்ணாடி மாளிகை போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. பராமரிப்புச் செலவு மிகுந்த, கூட்டம் சேரும் வசதிகள் அவை. ஆனால், நால்வர் கொண்ட குடும்பம் புல்லில் உட்காரவே 300 ரூபாய் என்றால், அது யாருக்கான புல் என்ற கேள்வி எழத்தான் செய்யும். நுழைவுக்கும் கேளிக்கைக்கும் கட்டணத்தைப் பிரித்து வைப்பது சிரமமான காரியமல்ல.

சென்னைக்கு இதில் ஒரு பழைய பாடமும் இருக்கிறது. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து 116 ஏக்கரில் 'மக்கள் பூங்கா' ஒன்றுக்கு வித்திட்டார். குளங்கள், இசை மேடை, பின்னாளில் உயிரியல் பூங்கா என்று அது ஒரு காலத்தில் நகரத்தின் பொது முற்றமாக இருந்தது. விக்டோரியா அரங்கம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913-இல் ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் பயனுள்ளதுதான், ஒவ்வொன்றும் கொஞ்சம் நிழலை எடுத்துக்கொண்டது. விலங்குகள் 1985-இல் வண்டலூருக்குப் போயின. பெயர்ப் பலகையில் பூங்கா என்று மிஞ்சியிருப்பது மிகச் சிறிய பகுதியே. பூங்கா நிலத்துக்குச் சந்தை விலை தெரியும், நிழலுக்கு விலை தெரியாது. ஆகவே கணக்கில் நிழல் எப்போதும் தோற்றுவிடுகிறது. ஹோட்டலிங்கின் கடிதம் இந்தக் குறையைப் பற்றியதுதான்.

கடந்த வாரம் எங்கள் வட்டாரத்து மாமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதி, தெருவாசிகள் நாற்பத்தொரு பேரிடம் கையொப்பம் வாங்கினேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை அந்தப் பூங்காவை நண்பகலிலும் திறந்து வைக்க வேண்டும், குடிநீர்த் தொட்டி வேண்டும், கழிப்பறைக்குச் சாவி வாசலிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. முதல் கையொப்பம் அந்தப் பெண்மணியுடையது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "தொறந்தா சொல்லுங்க சார், வண்டியையே அங்க தள்ளிக்கிட்டுப் போயிடுறேன்" என்றார். வாசலுக்கு வெளியே வண்டி நிறுத்த அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.